முளையும் கயிறும் வகுப்புக்குள் வரட்டும்!

மதுராந்தகம் ஒரு வட்டத்தின் தலைநகர். வருவாய்த்துறைக் கணக்கிலே அது வட்டம். வட்டாட்சியர் உண்டு, வட்ட அலுவலகம் உண்டு. அந்த வட்டத்துக்குள்ளே இருக்கும் பள்ளிக்கூடங்களிலே இன்னொரு வட்டம் உண்டு. கரும்பலகையில் சாக்கட்டியால் போடப்படும் வட்டம். போட்ட சில நிமிடங்களில் துடைக்கப்படும் வட்டம். அதைப்பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

பத்தாம் வகுப்பிலே நன்றாகப் படித்துத் தேறிய பிள்ளை ஒன்றை அழைத்து, "வட்டத்தின் இரு நாண்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டால் என்ன?" என்று கேளுங்கள். தேற்றம் தெரிந்த பிள்ளையானால் மூச்சு விடாமல் ஒப்பிக்கும். ஒரு நாணின் இரு துண்டுகளைப் பெருக்கி வரும் தொகையும், மற்ற நாணின் இரு துண்டுகளைப் பெருக்கி வரும் தொகையும் சமம் என்று சொல்லிவிடும். 2011இல் வந்த சமச்சீர்க் கல்விக் கணக்கு நூலிலே இந்தத் தேற்றம் இருந்தது. பாடத்திட்டம் மாறும், தேற்றங்கள் வரும், போகும்; ஒப்பிக்கும் பழக்கம் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

சரி, அதே பிள்ளையின் கையிலே உடைந்த பானையின் விளிம்புத் துண்டு ஒன்றைக் கொடுத்து, "முழுப் பானையின் வாய் எவ்வளவு அகலம்?" என்று கேளுங்கள். விழிக்கும். திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்க்கும். "இது பாடத்தில் இல்லையே!" என்று சொன்னாலும் சொல்லும்.

பிள்ளைமீது குற்றமில்லை, தோழர்களே! பாடத்தில் இருந்தது அதுவேதான். ஆனால் பாடம் ஓடாக வந்ததில்லை, கயிறாக வந்ததில்லை, மரமாக வந்ததில்லை. மையாக மட்டுமே வந்தது.

கணக்கைப் பாருங்கள். ஓட்டின் விளிம்பிலே இரண்டு முனைகளையும் சேர்த்து ஒரு கோடு போடுகிறோம். அது நாண். நீளம் 24 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாணின் நடுவிலிருந்து வளைவு எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று அளக்கிறோம். 4 சென்டிமீட்டர். நாணின் பாதி 12. பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கினால் 144. நாலை எதனால் பெருக்கினால் 144 வரும்? 36. நாலும் முப்பத்தாறும் 40. பானையின் வாய் 40 சென்டிமீட்டர். முடிந்தது கணக்கு! கையில் இருந்தது ஒரு துண்டு ஓடு. கண்டுபிடித்தது முழு வட்டம்.

இது விளையாட்டல்ல. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, பாலாறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே வசவசமுத்திரம் என்னும் ஊர் இருக்கிறது. 1970ஐ ஒட்டி அங்கே மாநிலத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது, உறைகிணறுகளோடு, உரோம நாட்டிலிருந்து கப்பலில் வந்த மதுச்சாடிகளின் உடைந்த ஓடுகளும் கிடைத்தன. முழுச்சாடி எங்கே கிடைக்கும்? ஓடுதான் கிடைக்கும். விளிம்பின் வளைவிலிருந்து சாடியின் அளவைக் காண்பது அகழ்வாராய்ச்சிக்காரர்களுக்கு அன்றாட வேலை. அவர்கள் வளைவுகள் வரைந்த அட்டையின்மேல் ஓட்டைப் பொருத்திப் பார்ப்பதும் உண்டு. அட்டையிலே அடங்கியிருப்பதும் இதே வட்டத்தின் இலக்கணந்தான்.

அகழ்வாராய்ச்சி வரைக்கும் ஏன் போகவேண்டும்? நம் தெருவிலேயே இருக்கிறார் கொத்தனார். சன்னலுக்கு மேலே வளைவு கட்டவேண்டும். அகலம் 6 அடி. நடுவிலே 1 அடி எழும்பினால் போதும் என்கிறார் வீட்டுக்காரர். முளையை எங்கே அடிப்பது? கயிறு எத்தனை அடி? பாதி அகலம் 3 அடி. மூமூன்று ஒன்பது. ஒன்றை எதனால் பெருக்கினால் ஒன்பது? ஒன்பதால். ஆக விட்டம் 10, கயிறு 5 அடி. வளைவு தொடங்கும் மட்டத்துக்கு 4 அடி கீழே முளையை அடித்துக் கயிற்றைச் சுற்றினால் வளைவு தானாக விழும். பழகிய கொத்தனார் இதைப் பலமுறை கயிற்றை ஏற்றி இறக்கிப் பார்த்துக் கண்டுகொள்கிறார். கண் அவருக்குத் துல்லியம். அவருடைய மகள் அதே ஊரிலே பள்ளியில் தேற்றத்தை எழுதி மதிப்பெண் வாங்குகிறாள். தகப்பன் கையிலே கணக்கு இருக்கிறது, பெயர் இல்லை. மகள் நோட்டிலே பெயர் இருக்கிறது, கணக்கு இல்லை. ஒரே வீட்டிலே இருவரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கணக்கும் பெயரும் மட்டும் சந்தித்துக்கொள்வதில்லை!

இந்த அவலத்துக்கு யார் பொறுப்பு?

மதுராந்தகத்து ஏரியைப் பார்க்காத தோழர் இருக்கமாட்டார். செங்கல்பட்டு மாவட்டத்தின் பெரிய ஏரி, நிரம்பினால் 23.3 அடி. அந்த ஏரியைக் காத்தது யார் என்னும் கதை ஊரறிந்தது. அந்த வழக்கை நாம் இன்று எடுக்கவில்லை. கட்டியது யார் என்பதில் நமக்கு ஐயமில்லை. மன்னன் பெயர் ஊருக்கு வந்தது. மண் சுமந்தவன், முளை அடித்தவன், கயிறு பிடித்து மட்டம் பார்த்தவன் பெயர் எந்தக் கல்லிலும் ஏறவில்லை. அளவைக் கையால் அறிந்தவர்கள் ஒருபக்கம், அளவை ஏட்டால் அறிந்தவர்கள் ஒருபக்கம் என்று பிரித்து வைத்த சமுதாயம் இது. ஏரிக்கரைபோல் நீளமானது அந்தப் பிரிவினை. அது இன்று வகுப்பறைக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் நமது குற்றச்சாட்டு.

தமிழிலே இந்தப் பாடத்துக்கு வைத்திருக்கும் பெயர்களைப் பாருங்கள். 'ஆரம்' என்கிறோம், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் கண்முன்னே வருகிறது. 'நாண்' என்கிறோம், வில்லிலே கட்டிய கயிறு. வளைந்த பகுதி 'வில்' என்றே அழைக்கப்படுகிறது. தச்சனும் வேடனும் தந்த சொற்கள்! கி.பி. 499இல் எழுதப்பட்ட ஆரியபட்டீயத்திலே, நாணின் நடுவிலிருந்து வில்லுக்குப் போகும் கோட்டுக்கு 'அம்பு' என்றே பெயர். இரண்டு பக்கத்து அம்புகளையும் பெருக்கினால் அரைநாணின் வர்க்கம் என்று அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. கிரேக்கத்து யூக்ளிட் அதற்கும் முன்னால், தம் மூன்றாம் நூலின் 35ஆம் கூற்றாக, எந்த இரு நாண்களுக்கும் பொருந்தும்படி இதை நிறுவி வைத்தார். காரி நாயனாரின் கணக்கதிகாரமோ பாதி விட்டத்தையும் பாதிச் சுற்றளவையும் பெருக்கி வட்டத்தின் பரப்பைக் காணச் சொல்கிறது. அறிவுக்குப் பஞ்சமில்லை. அது எல்லாப் பிள்ளையின் கைக்கும் வரவில்லை, அவ்வளவே.

இனி, எப்படி வரவழைப்பது என்று கேட்பீர்கள். பள்ளியின் விளையாட்டுத் திடலுக்கு வாருங்கள். சடுகுடுக் கோட்டுக்குப் போடும் சுண்ணாம்புத் தூள் ஒரு கூடை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவிலே ஒரு முளை. 13 அடிக் கயிறு. சுற்றி வந்தால் பெரிய வட்டம். முளையிலிருந்து 5 அடி தள்ளி இன்னொரு முளை அடியுங்கள். அந்த இரண்டாம் முளையைத் தொட்டுக்கொண்டு, வட்டத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கயிறு இழுத்துப் பிடிக்கட்டும் பிள்ளைகள்; இருவர் இருவராக, வெவ்வேறு திசையில். பெண் பிள்ளைகளும் பிடிக்கட்டும். அவர்களைக் குறிப்பெழுத மட்டும் உட்காரவைக்கும் வழக்கம் வேண்டாம்.

முளையிலிருந்து இந்தக் கரைக்கு எத்தனை, அந்தக் கரைக்கு எத்தனை என்று அளக்கட்டும். இரு முளைகளின் வழியாகவும் போகும் கயிறு 8 அடியும் 18 அடியுமாகப் பிரியும். அதற்குக் குறுக்கே செங்குத்தாகப் போகும் கயிறு 12ம் 12ம். சாய்ந்த கயிறுகளில் ஒன்று 9ம் 16ம். பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். எட்டுப் பதினெட்டு 144. பன்னிரண்டு பன்னிரண்டு 144. ஒன்பது பதினாறு 144! திடல் முழுவதும் வெவ்வேறு நீளம், வெவ்வேறு திசை. தொகை மட்டும் ஒன்று. அந்த நேரத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்த ஆசிரியர் மறுபடியும் கரும்பலகையை மட்டுமே நம்பி இருக்கமாட்டார்.

அதோடு விட்டுவிடக் கூடாது. எண்களை மாற்றுங்கள். இப்போது வட்டத்தின் ஆரம் 5 அடி. இரண்டாம் முளை நடுவிலிருந்து 13 அடி தள்ளி, வட்டத்துக்கு வெளியே. அங்கிருந்து வட்டத்தை வெட்டிக்கொண்டு கயிறு இழுங்கள். நடு வழியாகப் போகும் கயிறு 8 அடியில் வட்டத்துக்குள் நுழைந்து 18 அடியில் வெளியேறும். இன்னொன்று 9இல் நுழைந்து 16இல் வெளியேறும். வெட்டாமல் தொட்டு மட்டும் நிற்கும் கயிறு ஒன்று உண்டே, தொடுகோடு, அது 12 அடி! மறுபடியும் 144. உள்ளே நின்றாலும் வெளியே நின்றாலும் ஒரே சட்டம். பாடநூலிலே இரண்டு தேற்றமாக இருப்பது, திடலிலே ஒன்றாகிவிடுகிறது.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்: பிள்ளைகள் அளக்கும்போது 144 சரியாக வராது. ஒரு கூட்டத்துக்கு 143 வரும், இன்னொன்றுக்கு 146 வரும். கயிறு தொய்யும், முளை சாயும், சுண்ணாம்புக் கோடே இரண்டு விரல் தடிமன். "அப்படியானால் தேற்றம் பொய்யா?" என்று ஒரு பிள்ளை கேட்கும். கேட்கவேண்டும்! அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு பாடும். அப்போது ஆசிரியர் பிள்ளைகளை உட்காரவைத்து, கயிற்று முனைகளைச் சேர்த்தால் இரண்டு முக்கோணங்கள் உண்டாவதையும், ஒரே வில்லின்மேல் நிற்கும் கோணங்கள் சமம் ஆவதால் அவை வடிவொத்தவை என்பதையும், பக்கங்களின் விகிதம் சமமாகிப் பெருக்கற்பலன் ஒன்றாவதையும் காட்டட்டும். அளந்து பார்த்தவனுக்குத்தான் நிரூபணம் தேவைப்படும். அளக்காதவனுக்கு அது இன்னொரு மனப்பாடம்.

இந்த இடத்திலே நம் தோழர்கள் சிலருக்கு ஓர் ஐயம் எழும். நியாயமான ஐயம், மறைக்காமல் பேசுவோம். "கை வேலை, கயிறு, கொத்தனார் என்று பள்ளிக்குள் கொண்டுவருகிறீர்களே, இது பழைய குலக்கல்வி வேறு வேடத்தில் வருவதல்லவா?" என்று கேட்பார்கள்.

1953ஐ மறந்தவர்கள் அல்லர் நம் தோழர்கள். ஆச்சாரியார் முதலமைச்சராக இருந்தபோது, கிராமத்துத் தொடக்கப் பள்ளியின் நேரம் நாளொன்றுக்கு 3 மணியாகக் குறைக்கப்பட்டது. மிச்ச நேரத்தில் பிள்ளைகள் தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்றார்கள். நாடு கொதித்தெழுந்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரானார், திட்டம் கைவிடப்பட்டது. அந்த வடு ஆழமானது. அதனாலேயே, 'கை' என்று யாராவது சொன்னால் ஏழை வீட்டுத் தாய் "என் பிள்ளை கையில் புத்தகத்தைக் கொடு" என்கிறாள். அவள் சொல்வதில் வரலாறு இருக்கிறது.

ஆனால் வேறுபாட்டைக் கூர்ந்து பாருங்கள். அன்று பிள்ளையைப் பள்ளியிலிருந்து தொழிலுக்குத் துரத்தினார்கள். நாமோ தொழிலின் கணக்கைப் பள்ளிக்கு அழைக்கிறோம். அன்று குயவர் மகன் மட்டும் பானைக்கு, தச்சர் மகன் மட்டும் உளிக்கு என்றார்கள். நாம் கேட்பது, வக்கீல் மகளும் முளை அடிக்கட்டும், முளை அடிப்பவர் மகளும் நிரூபணம் எழுதட்டும் என்பது. மாமல்லபுரத்திலே 1957இல் சிற்பப் பயிற்சிக்கென்று அரசு ஒரு நிலையம் தொடங்கியது. இன்று அது அரசு கட்டட மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி. எந்த வீட்டுப் பிள்ளையும் விண்ணப்பம் போடலாம். குலத்தின் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்த அளவுகோல் பொதுவாசலுக்கு வந்தது. குலக்கல்விக்கு எதிர்ச்சொல் அதுதான். வெறும் மனப்பாடம் அன்று.

சுவிட்சர்லாந்து நாட்டிலே யாக்கோபு இசுட்டைனர் என்று ஒருவர். 1796இல் பிறந்தவர், எளிய உழவர் வீட்டுப் பிள்ளை. 14 வயது வரையில் எழுதத் தெரியாது. வீட்டிலே வேலைக்கு ஆள் வேண்டும். அதனால் படிப்புக்கு அனுப்பப் பெற்றோருக்கு மனமில்லை. அதை மீறி, 18 வயதில் இவெர்டோன் என்னும் ஊரில் பெசுட்டலோட்சி நடத்திய பள்ளிக்குப் போனார். தலையும் நெஞ்சும் கையும் சேர்ந்து கற்கவேண்டும் என்று சொன்ன பள்ளி அது. பிள்ளை தானே கண்டு தெளியவேண்டும் என்பது அங்கே விதி. அந்த உழவர் மகன் பின்னாளில், 1834இல், பெர்லின் பல்கலைக் கழகத்தில் பேராசிரியரானார். நாம் திடலிலே கண்ட 144 இருக்கிறதே, அதற்கு, அதாவது ஒரு புள்ளிக்கும் ஒரு வட்டத்துக்கும் இடையே மாறாமல் நிற்கும் அந்த எண்ணுக்கு, 'புள்ளியின் ஆற்றல்' என்னும் பொருள்படப் பெயரிட்டு, 1826இல் கட்டுரை எழுதியவர் அவரேதான்! ஏட்டறிவும் கையறிவும் எதிரிகள் என்பவர்கள் அந்த வரலாற்றைப் படிக்கட்டும்.

"இதற்கெல்லாம் நேரம் ஏது? தேர்வு வருகிறதே!" என்பது அடுத்த குரல். ஆசிரியர்கள் பலர் வேதனையோடுதான் அப்படிச் சொல்கிறார்கள். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளிலே வடிவியல் படத்துக்கு 8 மதிப்பெண், வரைபடத்துக்கு 8 மதிப்பெண். அந்தப் பதினாறை எப்படியாவது பிடித்துவிட்டால் மெல்லப் படிக்கும் பிள்ளையும் கரையேறும் என்று, ஒரே படத்தைப் பத்துத் தடவை, இருபது தடவை போடவைக்கிறார்கள். அதற்குப் பாடநூலிலே பெயர் என்ன தெரியுமா? செய்முறை வடிவியல்! கவராயத்தை ஏன் அங்கே ஊன்றினாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாத செய்முறை.

அறிவியலுக்கு 25 மதிப்பெண் செய்முறைத் தேர்வு உண்டு. கணக்குக்கு நம் பள்ளிகளிலே அப்படி ஒன்றும் இல்லை. மத்தியக் கல்வி வாரியப் பள்ளியிலே 20 மதிப்பெண் அகமதிப்பீட்டில் கணித ஆய்வகச் செயல்பாட்டுக்கும் பங்கு இருக்கிறது. பணம் கட்டிப் படிக்கிற பிள்ளைக்கு ஆய்வகம், பணமில்லாத பிள்ளைக்கு மனப்பாடமா? (அங்கேயும் பதிவேட்டை அழகாக எழுதி அட்டை போட்டுக் கணக்கை முடித்துவிடுகிறவர்கள் உண்டு என்பது நமக்குத் தெரியாததல்ல. அந்தக் கூத்து நமக்கு வேண்டாம்.)

நம் மாநிலத்துக்கு வழி தெரியாமலும் இல்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலே அட்டையும் மணியும் குச்சியுமாகச் செயல்வழிக் கற்றல் தொடங்கி, சில ஆண்டுகளுக்குள் தமிழகத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் பரவியது. சிறு பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து கையால் தொட்டு எண்ணினார்கள். ஆனால் உயர்நிலைப் பள்ளிக்கு வந்ததும் கைக்கு ஓய்வு கொடுத்துவிட்டோம்! மணியை எண்ணிப் பழகிய கை, வட்டத்தை அளக்கும் வயதில் சும்மா கிடக்கிறது. பாடநூலிலே 'செயல்பாடு' என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள். நல்ல செயல்பாடுகள். வகுப்பிலே அந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதித்துத்தான் பாடம் போகிறது.

மாமல்லபுரத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுதோறும் சுற்றுலா கூட்டிப்போகிறோம். தேர் காட்டுகிறோம், யானை காட்டுகிறோம், புளிச்சோறு போடுகிறோம். கலங்கரை விளக்கத்தின் மேலேயும் ஏறுகிறார்கள். முன்பு பக்கத்துப் பாறையின்மேல் இருக்கும் பல்லவர் கோயிலின் உச்சியிலே விளக்கேற்றினார்கள். பிறகு 1900களின் தொடக்கத்திலே இந்தக் கற்கோபுரம் எழுந்தது. மேலே நின்று பிள்ளைகள் கடலைப் பார்க்கிறார்கள். எவ்வளவு தூரம் தெரிகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை; கேட்டாலும் சொல்வாரில்லை.

திடலிலே கயிறு பிடித்த பிள்ளைக்கு அது தெரியும். பூமி ஒரு வட்டம். விட்டம் ஏறத்தாழ 12,742 கிலோமீட்டர். விளக்கு, வட்டத்துக்கு வெளியே அடித்த முளை. கண் போய்க் கடலைத் தொடும் கோடு, தொடுகோடு. உயரத்தை மீட்டரில் எடுத்து 12.74ஆல் பெருக்கி, வர்க்கமூலம் கண்டால் தூரம் கிலோமீட்டரில் வந்துவிடும். கடலுக்கு மேல் 40 மீட்டர் உயரத்தில் நிற்பதாக வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 22½ கிலோமீட்டர். கட்டுமரத்தில் வரும் மீனவரின் கண் நீருக்கு மேல் 2 மீட்டர் என்றால் அவருக்கு 5 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால், 27½ கிலோமீட்டருக்கு அப்பால் இருட்டிலே வருகிறவருக்கு, அந்த இடத்தில்தான் விளக்கு முதன்முதலாக எட்டிப் பார்க்கும். காற்றிலே ஒளி சற்று வளைவதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். தமிழன் அதற்குத் தொடுவானம் என்று பெயர் வைத்தான். பாடநூல் தொடுகோடு என்று பெயர் வைத்தது. இரண்டும் ஒரே 'தொடு' என்று பிள்ளைக்குச் சொல்ல ஒரு வகுப்பு கிடைக்கவில்லை!

கிளைத் தோழர்களிலே பலர் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பெற்றோராக உட்கார்ந்திருக்கிறீர்கள். கூரை ஒழுகுகிறது, குழாயில் தண்ணீர் இல்லை என்று கேட்கிறீர்கள், கேட்கவேண்டியதே. அடுத்த கூட்டத்திலே இதையும் சேர்த்துக் கேளுங்கள்: எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை, வாரத்துக்கு ஒரு கணக்குப் பாடவேளை திடலிலே நடக்கட்டும். பாடநூலின் செயல்பாட்டுக் கட்டங்களில் எத்தனை செய்தார்கள் என்று பருவந்தோறும் குழுவுக்குச் சொல்லட்டும். ஊர்க் கொத்தனாரையும் தச்சரையும் பருவத்துக்கு ஒருநாள் வகுப்புக்கு அழைத்து, ஆசிரியருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைக்கட்டும். கணக்குக்குச் செய்முறை மதிப்பெண் வேண்டும் என்று கல்வித் துறைக்குத் தீர்மானம் போய்ச் சேரட்டும். பணம் இல்லை என்று யாராவது சொன்னால், வேண்டியவற்றை எழுதிக் கொடுங்கள்: வட்டத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு எட்டும் கயிறு நாலு, மரமுளை ஆறு, சுண்ணாம்புத் தூள் ஒரு மூட்டை, அளவுநாடா இரண்டு. கயிறு மட்டும் தொய்யாத கயிறாகப் பார்த்து வாங்கட்டும்.